பேசாத நாட்களின் கணக்கு

ஜூன் 2, 2025, திங்கள்

இன்றோடு மூன்று நாள். எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் "சாவி எங்கே", "கதவைப் பூட்டியாச்சா" அளவில்தான். தம்பிக்குப் பணம் கொடுத்ததை மனைவியிடம் சொல்லவில்லை. தெரிய வந்து அவள் கேட்டபோது, "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று ஒரு வரி சொன்னேன். அப்புறம் வாயே திறக்கவில்லை.

பதிலுக்குப் பதில் பேசாமல் இருப்பதைத்தான் இத்தனை வருஷமும் பொறுமை என்று நினைத்திருந்தேன். கத்தியதில்லை, கை ஓங்கியதில்லை, ஒரு தப்பான வார்த்தை விட்டதில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. இன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவள் சொன்னாள்: "நீங்க கத்தினாக்கூட நான் பதில் சொல்லுவேன். இப்படி இருந்தா யார்கிட்டப் பேசுறது?"

தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். அவளுக்கும் தெரியும், நான் தூங்கவில்லை என்று.

ஜூன் 5, வியாழன்

துணி மடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு மறுபடி அங்கேயே வந்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு மகனின் சட்டையை மடித்தேன். ஒரே சட்டையை மூன்று தடவை. தற்செயலாக வாட்சைப் பார்த்தால் இதயத் துடிப்பு 112. உட்கார்ந்த இடத்தில்! படி ஏறினால்கூட எனக்கு அவ்வளவு போகாது. வெளியே கல் மாதிரி இருக்கிறேன், உள்ளே ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான். அவள் கண்ணுக்குத் தெரிவது கல் மட்டும்தான்.

ஜூன் 7, சனி

அந்த 112 மனதை விட்டுப் போகவில்லை. தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் பல ஆண்டுகளாகத் தம்பதிகளை எதிரெதிரே உட்கார வைத்து, அவர்களுக்குள் இருக்கும் சச்சரவைப் பேசச் சொல்லி, இதயத் துடிப்பை அளந்து பார்த்தவர். துடிப்பு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மண்டையில் ஏறாது என்கிறார். அந்த நிலையில் சிலர் வாயை மூடிக்கொண்டு தனக்குள் போய்விடுகிறார்கள். அவருடைய ஆய்வில் அப்படிப் போனவர்களில் சுமார் 85 சதவீதம் ஆண்கள்.

ஒரு சோதனையைப் பற்றிப் படித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. வாக்குவாதம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆனதும், கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லித் தம்பதிகளை நிறுத்திவிட்டார்கள். அரை மணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள், சச்சரவைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. மறுபடி தொடங்கியபோது துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் பதமாக நடந்தது. அதே ஆட்கள், அதே பிரச்சினை. உடம்பு அடங்க, குறைந்தது 20 நிமிடம் வேண்டுமாம்.

இதைப் படித்ததும் முதலில் ஒரு நிம்மதி. என் சுபாவமே கோணல் என்று நினைத்துக் குமைந்திருக்கிறேன். ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் அவள் தனியாகப் பேசிக்கொண்டிருந்த ராத்திரிகள் இல்லை என்று ஆகிவிடாது.

ஜூன் 8, ஞாயிறு

படித்ததைச் செய்து பார்த்தேன். "எனக்குப் படபடன்னு வருது, அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போனேன். திரும்பி வரவில்லை. ராத்திரி அவள் கேட்டாள்: "உங்க 'அப்புறம்' என்னைக்கு வரும்?"

நேரம் சொல்லாமல் எழுந்து போனால் அதுவும் பழைய மௌனம்தான். இன்னொன்று, அந்தப் பதினைந்து இருபது நிமிடமும் நான் பால்கனியில் நின்று, அவள் சொன்னதற்கெல்லாம் மனதுக்குள் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன். துடிப்பு எப்படி இறங்கும்?

ஜூன் 11, புதன்

மகள் மகனுடைய ஓவிய நோட்டைக் கிழித்துவிட்டாள். அவனுக்கு எட்டு வயது. அழுவான் என்று பார்த்தேன். அழவில்லை. கிழிந்த பக்கத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான். "என்னடா ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா." என் குரல், என் தொனி. வயிற்றைப் பிசைந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவுக்கு போன் செய்தேன். எங்கள் வீட்டில் சண்டையே இருந்ததில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். "கோவம் வந்தா நீங்க என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "பேசாம இருந்துடுவேன். வாய விட்டா வம்பு" என்றார். பக்கத்திலிருந்த அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "ஒரு தடவை பதினோரு நாள் பேசலப்பா உங்கப்பா."

எதற்காக என்று கேட்டேன்.

"அது மறந்துபோச்சு. பதினோரு நாள்ங்கறது மட்டும் ஞாபகம் இருக்கு."

பின்னால் அப்பா, "அப்படியா? எப்ப?" என்று கேட்பது காதில் விழுந்தது. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. நான் சண்டையில்லாத வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் அம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

நண்பனோடு ஒரு மணி நேரம் நடந்தேன். இருபது வருஷப் பழக்கம். "வீட்ல எல்லாம் நல்லாதானே?" என்று கேட்டேன். "ம், நல்லாதான்" என்றான். அவனும் அதையே கேட்டான், நானும் அதையே சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

பிள்ளைகள் தூங்கிய பிறகு நானே எடுத்தேன். தம்பி விஷயம். தம்பதிகளுக்குள் வரும் சச்சரவில் 69 சதவீதம் தீர்வே இல்லாமல் தொடர்ந்து வருபவை என்று அதே காட்மன் சொல்கிறார். எங்களுக்கு இது கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து ஓடுகிறது. தம்பி கேட்டால் என்னால் இல்லை என்று சொல்ல முடியாது. அவளுக்கு அது சரியாகப் படாது. இன்றும் அதில் ஒத்துப்போகவில்லை.

ஆனால் ஒன்று தெரிந்தது. அவளுக்கு வலித்தது பணம் இல்லை. தம்பி மனைவி போனில் நன்றி சொன்னபோது, எதற்கு என்று தெரியாமலே "பரவாயில்லம்மா" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அந்த ஒரு நிமிடத்தை அவள் சொல்லிக் கேட்டபோது எனக்கு மூச்சே அடைத்தது. மூன்று வாரமாக இதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன். "இனிமே கொடுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிடறேன்" என்றேன். "சொன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்" என்றாள். "சொல்லு" என்றேன்.

நடுவில் மறுபடி படபடப்பு. "இருபது நிமிஷம். பத்து நாற்பதுக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாடியில் போய் நடந்தேன். பதில் எதுவும் தயாரிக்கவில்லை, அடிகளை எண்ணினேன். பத்து முப்பத்தைந்துக்கே இறங்கி வந்துவிட்டேன். அவள் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளைத் தூக்கிக் கீழே வைத்தாள், நான் உட்காருவதற்கு.