சதுப்புநில நாவல்: எழுத்து மேசைக் குறிப்புகள்

மார்ச் 4
காட்டையோ சதுப்பையோ காக்கப் புறப்படும் இளம் பாத்திரத்தை எழுதும்போது முழக்கம் சுலபமாக வந்துவிடும். சதுப்பைக் காப்பது பற்றி நாவலில் வரும் விசாரணையில் அது நிற்காது. “இங்கே எவ்வளவோ பறவைகள் வரும்” என்றதுமே எதிர்த்தரப்பு கேட்கும்: எத்தனை, எந்தத் தேதியில், யார் எண்ணியது? ஆகவே 16 வயது நாயகியின் கையில் முதல் அத்தியாயத்திலேயே களக்குறிப்பேடு.

மார்ச் 6
ஏட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, மேகம். பென்சில்தான்; நனைந்தாலும் எழுத்து ஓடாது. பிழையை ரப்பரால் அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தம் எழுத வேண்டும். அழித்த தடம் தெரிந்தால் ஏடு முழுவதுமே சந்தேகத்துக்கு ஆளாகும்.

மார்ச் 9
பறவைக் கணக்கு. எண்ணும் இடங்களுக்கு நடுவே 200 மீட்டராவது வேண்டும். நெருங்கினால் ஒரே பறவை இரண்டு முறை கணக்கில் ஏறும். போய் நின்றதும் 2 நிமிடம் அசையாமல் இருந்து, ஆள் வந்த அரவம் அடங்கியபின் 10 நிமிடம் எண்ணுகிறாள். விடிந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது, அப்புறம் குரல்கள் குறைந்துவிடும். ஒன்றுமே தென்படாவிட்டாலும் 0 என்று எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், பறவை வரவில்லையா, எண்ணவே போகவில்லையா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 13
நாவலின் திருப்பம் இங்கேதான். “இந்தச் சதுப்பு வெறும் மழைக்குட்டை, தும்பிகள் எங்கிருந்தோ வருகின்றன” என்பது எதிர்வாதம். பறக்கும் தும்பியைக் காட்டி இதை உடைக்க முடியாது. அது நெடுந்தூரம் வரக்கூடியதே. கோரைத்தண்டில் ஒட்டியிருக்கும் உரிதோல்தான் சாட்சி. நீருக்குள் வளர்ந்த இளம்புழு தண்டில் ஏறி, முதுகு பிளந்து, தும்பியாக வெளியேறியபின் விட்டுப்போவது அது. பழுப்பு நிறம், கனமே தெரியாது, ஆறு கால்களும் தண்டை இறுகப் பற்றியபடியே இருக்கும். பிளவிலிருந்து வெள்ளை நூலாகத் தொங்குபவை மூச்சுக்குழல்களின் உள்ளுறைகள். அவள் அந்த நூல்களை ஒரு பத்தி முழுக்கப் பார்க்கட்டும், அவசரமே வேண்டாம்.

மார்ச் 14
தோலைப் பிடித்து இழுத்தால் கால் முறியும். தண்டோடு நறுக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், பஞ்சில் வைத்தால் நகங்கள் சிக்கும். நிழலில் உலர்த்தி, கெட்டியான சின்ன டப்பாவில் வைக்கிறாள். தேதியும் இடமும் எழுதிய சீட்டு டப்பாவுக்கு உள்ளே. மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும். பலத்த மழையில் தோல்கள் உதிர்ந்துவிடும். வானம் இருட்டியதும் அவள் குட்டைக்கு ஓட இந்தக் காரணமே போதும், துரத்தும் வில்லன் தேவையில்லை.

மார்ச் 18
விசாரணை அத்தியாயம். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸில் உரிதோலின் கீழுதட்டு வடிவத்தைப் பார்த்து இனம் பிரிக்கிறாள். உறுதியாகாததற்குப் பேரினப் பெயரோடு (நெருங்கிய இனங்களின் தொகுதிப் பெயர்) நிறுத்திக்கொள்கிறாள். ஒரு டப்பாவில் இனப்பெயர் தப்பினால், அதைச் சாக்காக வைத்து மற்ற டப்பாக்களையும் ஒதுக்கிவிடுவார்கள்.