தண்ணிவண்டுப் புழுவும் என்ட பிழைச்ச அட்டவணையும்

மாரி மழை கொஞ்சம் விட்ட கிழமை தம்பலகாமத்துக்குப் போய் வயல் வாய்க்கால்ல தேத்தண்ணி வடியால வழிச்சுக்கொண்டு நிண்டன். வரம்பால போன ஐயா ஒராள், "என்ன பிள்ளை, மீன்குஞ்சோ?" எண்டார். "இல்லை ஐயா, வண்டுப் புழு" எண்டன். கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒண்டும் சொல்லாமப் போயிட்டார்.

விசயம் என்னெண்டா, டைட்டிசிடே குடும்பத்துத் தண்ணிவண்டில 4000க்கு மேல இனம் இருக்கு, வளந்த வண்டைப் பாத்தா முக்கால்வாசி ஒரே வழுவழுப்பு முட்டை வடிவம்தான், ஆனா புழுவா இருக்கேக்க ஆளுக்காள் நல்ல வித்தியாசம், அதால புழுட உடம்பை வைச்சு ஆர் ஆருக்குக் கிட்டச் சொந்தம் எண்டு நானும் பாப்பம் எண்டு இறங்கினன்.

முதல் நாளே அடி. அஞ்சை ஒரே வாளியில விட்டன், விடிய ரெண்டுதான் மிச்சம். தாடைக்குள்ளால ஓட்டை இருக்கு, குத்தி சமிபாட்டுச் சாறை ஏத்தி, உள்ளுக்க கரைஞ்சதை உறிஞ்சிறது. செத்ததுகள் வெறும் தோலாக் கிடந்துது. திரும்பப் போய்ப் பிடிச்சு, ஆளுக்கொரு யோகட் கப்.

நாலு வகை கிடைச்சுது. 'பெரிசு' (இது சைபிஸ்டர், டைட்டிசிடேயில ஒரு பேரினம்), தலை முன்னுக்கு மூக்கு மாதிரி நீண்ட ரெண்டு 'கொம்பன்' (டைட்டிசிடேக்குள்ள ஹைட்ரோபொரினே எண்ட துணைக்குடும்பத்துக்காரர்), தாடையில பல்லு வைச்ச 'பல்லன்'. நாலுக்கே 15 விதமா உறவு மரம் வரையலாம், அஞ்செண்டா 105, அதால பேராசைப்படேல்லை. இருக்கு இல்லை எண்டு அட்டவணை போட்டன். கொம்பனுகளுக்கு ரெண்டு நீட்டு வால், பெரிசுக்கும் பல்லனுக்கும் அப்பிடி இல்லை, அப்ப ரெண்டும் சகோதரம் எண்டு மூண்டு நாள் சந்தோசமா இருந்தன்.

நாலாம் நாள் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்ல காலைப் பாக்கிறன், மற்ற எல்லாத்துக்கும் ரெண்டு நகம், பல்லனுக்கு ஒண்டு. அட, அது டைட்டிசிடேயே இல்லை, ஹைட்ரோபிலிடே எண்ட வேற தண்ணிவண்டுக் குடும்பம்! தண்ணிக்குள்ள ஒண்டாக் கிடந்தாலும் என்ட பெரிசுக்குப் பல்லனை விட நிலத்தில ஓடுற காரபிடே வண்டுதான் கிட்டச் சொந்தம். பெரிசுட வால் அதுட பரம்பரையில பிறகு குறுகிப் போனது, அதை வைச்சு உறவு கொண்டாடேலாது. 1950ல பூச்சி ஆராய்ச்சிக்காரர் வில்லி ஹெனிக் எழுதினதும் இதைத்தான், புதுசா வந்து பங்குபோட்ட அடையாளம்தான் கணக்கு. கொம்பனுகளுட மூக்கு அப்பிடி ஒண்டு. கால்ல இருக்கிற நீச்சல் மயிரையும் வெட்டிட்டன், அது வேற வேற கிளையில தனித்தனியா வந்திருக்கு.

உறவு பாக்கிறதில உண்மையான வேலை, புழுட தோல்ல மயிரும் துளையும் எங்கெங்க இருக்கெண்டு பாக்கிற மயிர்க் கணக்குத்தான். முட்டையால வந்த உடன இருக்கிற முதல் பருவப் புழுவிலதான் மூல மயிரும் துளையும் சுத்தமாத் தெரியும், ஒருக்காத் தோல் கழட்டினாலே புது மயிர் கலக்கத் தொடங்கிடும். கஷ்டப்பட்டு எடுத்த முதல் தோலைத் தெளிவாக்க கோஸ்டிக் சோடாவில ராத்திரி விட்டிட்டு நித்திரை கொண்டுட்டன். காலமை பாத்தா மயிரெல்லாம் உதிர்ந்து குழி மட்டும். இதில எது மயிர் விழுந்த குழி, எது பிறப்பிலேயே துளை எண்டு பிரிக்கேலாம நிக்கிறன். அந்த மெல்லிசுத் தோலுக்கு சோடாவே தேவையில்லை, கிளிசரின்ல வைச்சிருந்தாப் போதும்.

இப்ப ஒரு கொம்பன் சாப்பிடாம விளிம்பில ஏறி ஏறி விழுது, கூட்டுப்புழுவாக ஈர மண் தேடுது போல. வாய்க்கால் சேறு கொண்டந்து சரிவா அடுக்கி விட்டிருக்கன், வண்டா வெளிய வந்தாத்தான் என்ன இனம் எண்டு பேர் போடலாம்.