மூன்றாவது கியரில் அணையாத இன்ஜின்

வண்டி 2007 மாருதி 800, நான்கு கியர், அப்பா வாங்கியது. ஊர் சேலம். ஓடோமீட்டரில் 1,12,430. இதுவரை இந்த வண்டியில் நானே மாற்றியவை ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பேட்டரி, பின்பக்க விளக்கு. கிளட்ச்சில் கை வைத்தது இதுதான் முதல் தடவை. கை வைத்தேன் என்றுகூடச் சொல்லக் கூடாது, பாதி நேரம் டார்ச் பிடித்தேன்.

ஜூன் 8, 2025, ஞாயிறு

ஏற்காடு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் நாலு பேர், ஒரு கூடை புளிசாதம். ஏழாவது வளைவில் முன்னால் போன பஸ் நின்று நின்று ஏறியது, நானும் கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்துப் பின்னால் ஊர்ந்தேன். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் கருகல் வாடை. ஓரங்கட்டினேன். பின்னால் வந்த வேன் டிரைவர் இறங்கி வந்து, "பிரேக் சூடாயிருக்குங்க, ஆற விடுங்க" என்றார். நல்ல மனுஷன். ஆனால் நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம், பிரேக்கை நான் தொட்டதே குறைவு. நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனேன், அனல் இல்லை. வாடை பானெட்டுக்குள் இருந்துதான் வந்தது. பஞ்சு மெத்தையும் காகிதமும் சேர்ந்து கருகினால் வருகிற மாதிரி.

அரை மணி நேரம் ஆறிய பிறகு வண்டி ஏறியது. ஆனால் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை.

வீட்டில் சொன்னதும் அப்பா, "ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டியிருப்ப கண்ணு" என்றார். பதினெட்டு வருஷமாக இடது காலை கிளட்ச் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டியவர் சொல்கிறார்.

ஜூன் 15

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நானே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். எல்லோரும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக் கிளட்ச்சை விட வேண்டும். கிளட்ச் பிளேட் நன்றாக இருந்தால் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். பிளேட் வழுக்கினால் ஓடிக்கொண்டே இருக்கும்.

என் ஹேண்ட் பிரேக்கையே நம்ப முடியாது என்பதால் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். வண்டிக்கு முன்னால் யாரையும் நிற்க விடவில்லை. கிளட்ச்சை விட்டேன். இன்ஜின் அணையவில்லை. கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். இரண்டு விநாடியில் நானே சாவியைத் திருப்பி அணைத்தேன். இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கிற பிளேட்டும் கருகும்.

அடுத்து பெடல். கையால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்க வேண்டும். அதைத்தான் ஃப்ரீ பிளே என்கிறார்கள். என் வண்டியில் அது சுத்தமாக இல்லை, தொட்டதுமே முறுக்கு. இதற்குக் காரணம் தேடியபோதுதான் கிளட்ச் எனக்கு ஓரளவு புரிந்தது. இன்ஜினோடு சுற்றுகிற கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். அதற்கும், ஸ்பிரிங் அழுத்துகிற பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது. அதன் பின்னால் இருக்கிற ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து ரிலீஸ் பேரிங்கை, அதாவது பெடலை மிதித்தால் அந்த விரல்களை அழுத்துகிற பேரிங்கை, நெருங்குகின்றன. பெடலையும் கிளட்ச்சையும் கேபிள் இணைக்கிற வண்டியில் இப்படித்தான் ஃப்ரீ பிளே காணாமல் போகிறது. முழுசாகப் போய்விட்டால் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும், நாம் பெடலைத் தொடாமலே கால் வாசி மிதித்த கணக்கு. தராசுத் தட்டை யாரோ அடியில் ஒரு விரலால் தாங்கிப் பிடிப்பது மாதிரி. பிடிமானம் குறையும், வழுக்கும்.

அதனால் வழுக்கல் என்றதுமே பிளேட் போச்சு என்று முடிவு கட்டக் கூடாது, முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும் என்று படித்தேன். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முடிகிற இடத்தில் நட் இருக்கிறது. நாலு சுற்று தளர்த்தினேன். ஃப்ரீ பிளே வந்தது, மூன்றாவது கியரில் இன்ஜின் அணைந்தது. செலவு பூஜ்யம். அன்றைக்கு ராத்திரி எனக்குள் ஒரு மெக்கானிக் பிறந்துவிட்டான்.

அவனை நம்பியதுதான் தப்பு. ஃப்ரீ பிளே ஏன் போனது என்று கேட்டிருக்க வேண்டும். கேபிள் தானாக இறுகாது.

ஜூலை 13

ஓமலூர் போகிற வழியில் ஒரு லாரியை முந்தும்போது மறுபடியும் அதே வழுக்கல், இந்தத் தடவை நாலாவது கியரில். கூட இருந்த மனைவிக்கு ஒன்றும் தெரியவில்லை. "உங்களுக்கு எல்லாமே கிளட்ச்சா தெரியுது" என்றாள். இந்த வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) கிடையாது, அதனால் வாக்குவாதத்தில் ஜெயிக்க வழியில்லை.

வழி ஒன்று கிடைத்தது. சத்தம் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது (ஹெர்ட்ஸ்) என்று காட்டும் இலவச ஆப் போனில் இருக்கிறது. மூன்று சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மூன்று முறை வெடிக்கும், அதாவது ஒரு சுற்றுக்கு ஒன்றரை. ஆப்பில் உயர்ந்து நிற்கிற முதல் கோட்டை ஒன்றரையால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் ஆர்பிஎம். ஒரே கியரில், ஒரே வேகத்தில் அந்த எண் மாறவே கூடாது. ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தாலும் ஒன்றுதான், தரையோடு மிதித்தாலும் ஒன்றுதான். மாறினால் நடுவில் எங்கோ வழுக்குகிறது.

மனைவி கையில் ஒரு போன் ஆப்புக்கு, டேஷ்போர்டில் இன்னொன்று ஜிபிஎஸ் வேகத்துக்கு. சமதரையில் நாலாவது கியர், 50 கி.மீ: 51 ஹெர்ட்ஸ், அதாவது 2,040 ஆர்பிஎம். மேம்பால ஏற்றத்தில் அதே 50-ல், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து: 63 ஹெர்ட்ஸ், 2,520. கிட்டத்தட்ட 480 சுற்று சக்கரத்துக்குப் போகாமல் சூடாகிக்கொண்டிருக்கிறது. "சரி, கிளட்ச்தான்" என்றாள். இந்த மொத்த வேலையிலும் எனக்கு ரொம்பப் பிடித்த நிமிஷம் அது.

ஜூலை கடைசி வாரம்

விலை விசாரித்த கதை. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் 11,800 என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் புது ஃப்ளைவீலும் சேர்த்தி. திறந்தே பார்க்காமல் ஃப்ளைவீல் போனது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணா மாத்திட்டா நல்லது சார்" என்று பதில். இன்னொரு பட்டறையில் 3,200 சொன்னார்கள், பழைய பிளேட்டுக்கே புது லைனிங் (பிளேட்டின் மேல் உராய்ந்து தேய்கிற பகுதி) ஒட்டித் தருவார்களாம். லாரிக்காரர்கள் செய்வதுண்டு, தப்பில்லை. ஆனால் கியர்பாக்ஸை இறக்குகிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். லைனிங் பெயர்ந்தால் மறுபடி அதே கூலி.

மூன்றாவது, அப்பா காலத்திலிருந்து வண்டி பார்க்கிற மெக்கானிக் அண்ணன். கிளட்ச்சை மிதித்து, விட்டு, காது கொடுத்துக் கேட்டார். மிதித்தால் லேசாக 'கிர்ர்'. "ரிலீஸ் பேரிங்கும் போயிடுச்சுங்க தம்பி. கூலி 1,800. சாமான் நீங்களே வாங்கியாங்க, பில்லு உங்க பேர்ல இருக்கட்டும். ஃப்ளைவீலு இறக்குனப்புறம் பாத்துக்கலாம்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரிடம் கொடுத்தேன்.

இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா என்று வீட்டில் பேச்சு வந்தது. புரோக்கர் சொன்ன விலை 35,000. 2022-ல் பதினைந்து வருஷம் முடிந்து 5,000 கட்டி ஆர்சி புதுப்பித்திருக்கிறோம், 2027 வரை ஓடும். விற்றால் அந்தக் காசுக்கு வருகிற வண்டியில் எந்தப் பிளேட் எந்த நிலையில் இருக்கிறதோ. இதிலாவது என்ன தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

ஆகஸ்ட் 2, சனி

காலை எட்டு மணிக்கு ஆரம்பம். பேட்டரி ஒயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, கேபிள்கள், ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு பக்க ஆக்சில், கியர் ராடு என்று ஒவ்வொன்றாக விலக்கினார்கள். இன்ஜினை அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கினார்கள். பதினொன்றுக்கு கியர்பாக்ஸ் கீழே. உள்ளே எல்லாம் கறுப்புத் தூள்.

பிளேட்டின் பிரஷர் பிளேட் பக்கத்தில் லைனிங்கைப் பிடித்திருக்கிற ரிவெட் ஆணியின் தலைக்கு மேல் லைனிங் அரை மில்லிமீட்டர் கூட இல்லை. ஃப்ளைவீல் பக்கம் அதுவும் இல்லை, ரிவெட்டே வெளியே எட்டிப் பார்த்தது. அது ஃப்ளைவீலில் வட்டமாக ஒரு கோடு இழுத்திருந்தது, நகத்தை ஓட்டினால் மாட்டுகிற ஆழம். அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா இது வந்திருக்காதுங்க" என்றார். நாலு சுற்று நட்டைத் தளர்த்திவிட்டு நான் பூரித்துப்போயிருந்த அதே மாசம். ஒன்றும் பேசாமல் டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தேன்.

ஃப்ளைவீலை மாற்ற வேண்டியதில்லை, லேத்தில் ஃபேஸிங் போட்டால், அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கினால் போதும் என்றார். பட்டறைப் பையன் பைக்கில் தூக்கிப்போய் ஒரு மணி நேரத்தில் மழமழவென்று கொண்டுவந்தான். 500. கிராங்க் ஆயில் சீலில் ஈரம் தெரிந்தது. இன்னும் பிளேட் மேல் படவில்லை, ஆனால் 160 ரூபாய் சீலுக்காக அடுத்த வருஷம் மறுபடி கியர்பாக்ஸை இறக்க முடியாது, அதையும் மாற்றினோம்.

மாட்டும்போது நான் கற்றுக்கொண்டது பிளேட்டை நடுவில் நிறுத்துகிற வேலை. பிளேட் ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தாலும் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் உள்ளே போகாது. ஏதோ பழைய கியர்பாக்ஸிலிருந்து எடுத்து வைத்திருந்த ஷாஃப்ட்டைச் சொருகிப் பிளேட்டை நேராக நிறுத்திவிட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். நான் கிரீஸ் கையோடு பிளேட்டைத் தொடப் போனபோது மட்டும்தான் அன்றைக்கு என்னை அதட்டினார்.

கணக்கு: பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்த செட் 2,350, ரிலீஸ் பேரிங் 480, சீல் 160, புதுக் கேபிள் 340, கியர் ஆயில் 720, ஃபேஸிங் 500, கூலி 1,800. மொத்தம் 6,350. மத்தியானப் பரோட்டா தனி. பழைய சாமானையெல்லாம் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன். புதுசு மாற்றியதற்கு அதுதான் சாட்சி. பிரஷர் பிளேட்டை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை, இப்போதைக்குத் துளசிச் செடித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. செட்டில் மட்டும் 180 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஏழு வாரம் காத்திருந்திருந்தால் ஃப்ளைவீலே போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 5

முதல் 500 கி.மீ பொறுமையாக ஓட்டினேன். பெடல் இப்போது பாதியிலேயே பிடிக்கிறது, முன்பெல்லாம் கால் முழுசாக மேலே வந்த பிறகுதான் வண்டி நகரும். மேம்பாலத்தில் மறுபடி அளந்தேன். 50-ல் மெதுவாக மிதித்தாலும் 51, முழுசாக மிதித்தாலும் 51. மனைவி இந்தத் தடவை போனைப் பிடிக்க மறுத்துவிட்டாள், பையன் பிடித்தான்.

மிச்சம் அப்பாவின் இடது கால். 800-ல் கிளட்ச்சுக்குப் பக்கத்தில் காலை வைக்க மேடை கிடையாது, அதனால் கால் பெடல் மேலேயே குடியிருக்கிறது. பழைய கட்டில் காலில் ஒரு துண்டு அறுத்து, மேலே ரப்பர் ஒட்டி, இடது ஓரத்தில் திருகி வைத்தேன். நேற்று ஏற்காடு வரை அப்பாதான் ஓட்டினார். இருபது வளைவிலும் வாடை இல்லை. இறங்கியதும், "கட்டை செருப்புல இடிக்குது கண்ணு, கொஞ்சம் தள்ளி வையி" என்றார். அரை இன்ச் இடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு.