சுண்டுவிரல் நல்லாத்தான் இருக்குதுங்க

"ஷிப்மெண்ட் முடியட்டும்க்கா, பார்த்துக்கலாம்." மூன்று வருடம் முன்பு நான் சொன்னது. இன்னும் காதிலேயே நிற்கிறது.

எங்கள் கார்மெண்ட்ஸில் பிசிறு வெட்டும் டேபிளில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கட்டரால் நறுக்கும் வேலையில், இருந்தவர் அந்த அக்கா. அன்று காலையிலிருந்தே, ஈரக்கையை உதறுவதுபோல வலது கையை உதறிக்கொண்டிருந்தார். "ராத்திரியில மரத்துப்போயி தூக்கத்தைக் கெடுக்குதுங்க தம்பி. கட்டைவிரலு, அடுத்த ரெண்டு விரலு, மூணும் என்னுதாவே தெரியல. மடிக்கிற டேபிளுக்கு மாத்தி விடுங்களேன்" என்றார். எல்லா விரலுமா என்று கேட்டேன்.

"சுண்டுவிரல் நல்லாத்தான் இருக்குதுங்க."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டேன். கை நிஜமாகவே கெட்டிருந்தால் ஐந்து விரலும் மரக்காதா? வேலை மாற்றிக்கொள்ளச் சொல்கிற சாக்கு என்றுகூட நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் டாக்டர்தான் விளக்கினார். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சந்து. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. மணிக்கட்டை வளைத்து, அழுத்திப் பிடித்து, அதையே நாளெல்லாம் செய்தால் உள்ளே வீங்கி நரம்பை நெருக்கும். அந்த நரம்பு கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதி வரைதான். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. நான் நம்பாமல் விட்டதற்கு எது காரணமோ, அதுதான் அவர் சொன்னதற்குச் சாட்சி.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். பீஸுக்கு 12 இடம். ஒன்றரை ஷிப்டுக்கு, அதாவது ஓவர்டைம் அரை ஷிப்டும் சேர்த்து, 500 பீஸ். 6,000 தடவை கட்டரை அமுக்கியிருக்கிறார், அதுவும் மழுங்கின கட்டரை. மழுங்க மழுங்க ஒவ்வொரு அமுக்குக்கும் கூடுதல் பலம் வேண்டும்.

என் பக்கமும் இருக்கிறது. அந்த வாரம் கண்டெய்னர் தேதி, ஆள் பற்றாக்குறை. மடிக்கிற டேபிளில் இருந்தவர் பிசிறு வெட்ட வரமாட்டேன் என்றுவிட்டார். நானும் மாதச் சம்பளக்காரன்தான். சரி, ஆளைத்தான் மாற்ற முடியவில்லை. கட்டரை மாற்ற எந்த ஷிப்மெண்ட் தடுத்தது?

அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. மரப்பு போய்விட்டது, ஆனால் ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை என்றார். வேலைக்குத் திரும்பவில்லை.

குனிந்தே வெட்டுகிறார்கள் என்று டேபிள் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி தூக்கினேன். கட்டர் மழுங்கினால் அன்றே புதியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். இந்தக் கடைசி ஒன்று மட்டும் ஷிப்மெண்ட் வாரத்தில் நின்றுவிடுகிறது. நிறுத்துவது நான்தான்.

போன வாரம் டீ டைமில் ஒரு பிள்ளை கையை உதறுவதைப் பார்த்தேன். பக்கத்தில் போய், "எந்தெந்த விரல் மரக்குது?" என்று கேட்டேன்.

கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டது. "ஒண்ணும் இல்லைங்கண்ணா. இன்னைக்கு அரை ஷிப்ட் இருக்குதுங்கல்ல?"

இருந்தது.