ஐஇஎல்டிஎஸ் 7 இருந்தாலும் ரைட்டிங் சென்டர் பக்கம் போங்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ரைட்டிங் சென்டர் (மாணவரின் கட்டுரையை ஆசிரியர் ஒருவர் கூட உட்கார்ந்து பார்க்கும் இடம்) போன்ற ஆங்கில உதவி என்றாலே, ஆங்கிலம் வராதவர்களுக்கு நடத்தும் டியூஷன் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வெளிநாட்டில் படிக்க எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில், எழுத்துப் பகுதியின் பெரிய கேள்விக்கு 40 நிமிடத்தில் 250 சொற்கள் எழுதினால் போதும். எதையும் தேடிப் படிக்க வேண்டாம், மேற்கோள் வேண்டாம், மனதில் பட்டதை ஒழுங்காகச் சொன்னால் மதிப்பெண் உண்டு. முதுகலை முதல் செமஸ்டரில் கேட்பது வேறு: 2,500 சொற்கள், பதினைந்து இருபது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, யார் யாரோடு எங்கே முரண்படுகிறார்கள் என்று காட்டி, அதில் உங்கள் நிலை என்ன என்று சொல்ல வேண்டும். தேர்வில் 7 வாங்கியவர்களும் முதல் அசைன்மென்ட்டில் அடி வாங்குவது இங்கேதான்.

உதவி இரண்டு வகை. படிப்பு தொடங்கும் முன் நடப்பது ஒன்று, படிப்போடு சேர்ந்து நடப்பது இன்னொன்று.

முதல் வகையை பிரிட்டனில் ப்ரீ-செஷனல் என்பார்கள். கண்டிஷனல் ஆஃபரில் (நிபந்தனையோடு தரும் சீட்டில்) கேட்ட ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்கு அரை பேண்ட், அதாவது அரை மதிப்பெண், குறைந்தால் வழக்கமாக ஆறு முதல் பத்து வாரம். ஒரு முழு பேண்ட் குறைந்தால் அதைவிட நீளும். ஆஸ்திரேலியாவில் எலிகாஸ் எனப்படும், வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலப் படிப்புக்கு வாரம் 20 மணி நேர வகுப்பு கட்டாயம். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு, வகுப்பறைப் பாடமே பிரதானம் என்றால் வாரம் குறைந்தது 18 மணி நேரம். ஐஇஎல்டிஎஸ் கோச்சிங் போல இருக்கும் என்று நினைத்து இந்த வகுப்புகளுக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறுகிறார்கள். நீண்ட கட்டுரை, செமினார் விவாதம், ப்ரசென்டேஷன் என்று உண்மையான படிப்பின் ஒத்திகை அது. வகுப்பு நேரத்துக்குச் சமமாக வீட்டு வேலையும் இருக்கும்.

பணம் கட்டும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு திறன்களிலும் தனித்தனியாகத் தேற வேண்டுமா, மொத்தம் போதுமா? தேறாவிட்டால் சீட் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகுமா, ரத்தாகுமா? இடையில் ஐஇஎல்டிஎஸ் மறுபடி எழுதித் தேவையான மதிப்பெண் வந்தால் ஏற்பார்களா? விசா ஆவணம் இரண்டு படிப்புக்கும் சேர்த்து ஒன்றா, தனித்தனியா? ஸ்காலர்ஷிப் இந்தக் கட்டணத்துக்கும் பொருந்துமா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டுத் தவிப்பவர்கள்தான் அதிகம். பல உதவித்தொகைகள் முதன்மைப் படிப்பின் கட்டணத்தோடு நின்றுவிடும்.

இரண்டாவது வகை எல்லோருக்கும் உரியது. எழுத்து வகுப்பு, ரைட்டிங் சென்டரில் தனிச் சந்திப்பு, பேச்சுப் பயிற்சிக் குழு என்று பல பெயர்களில் நடக்கும், பெரும்பாலும் தனிக் கட்டணம் கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்தவுடன் ஒரு சிறு பரிசோதனை வைக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் டெல்னா அப்படிப்பட்டது. இதில் மதிப்பெண் குறைந்தால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். எந்த உதவி தேவை என்று சொல்வதற்குத்தான் இந்தப் பரிசோதனை. அதனால் இதற்காகத் தயார் செய்துகொண்டு போவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

ரைட்டிங் சென்டரைப் பயன்படுத்துவதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஒரு சந்திப்பு வழக்கமாக 30 முதல் 60 நிமிடம். அதற்குள் இரண்டு, மூன்று பக்கத்துக்கு மேல் ஆழமாகப் பார்க்க முடியாது. 2,500 சொற்களையும் நீட்டி ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்றால், பொதுவான நாலு வார்த்தைதான் பதிலாகக் கிடைக்கும். கொண்டு போக வேண்டியவை: அசைன்மென்ட் கேள்வித்தாள், மதிப்பெண் வழங்கும் அளவுகோல், டிராஃப்ட்டில் உங்களுக்கே சந்தேகமுள்ள இரண்டு பக்கம், எழுதிவைத்த இரண்டு கேள்விகள். இவ்வளவு போதும். கேள்வி குறுகலாக இருக்கட்டும்: ‘இந்தப் பத்தியில் என் வாதம் எந்த வரியில் தொடங்குகிறது என்று தெரிகிறதா?’

ரைட்டிங் சென்டர் ஆசிரியர்கள் இலக்கணப் பிழைகளை வரிவரியாகத் திருத்தித் தர மாட்டார்கள். இது பலருக்கு எரிச்சல். மதிப்பெண் உங்கள் எழுத்துக்குக் கொடுக்கப்படுவதால் அடுத்தவர் கை அதில் எவ்வளவு படலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பதிலுக்கு, ஒரு பத்தியில் ஆர்ட்டிகிள் (a, an, the) பிழைகளைக் குறித்துக் காட்டி, மிச்சத்தை நீங்களே தேடச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வரும் மூன்று பிழைகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு பிழைக்கும் ஒருமுறை என முழுக் கட்டுரையையும் மூன்று முறை ஓட்டுங்கள். ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் தேடினால் எதுவும் கண்ணில் படாது.

உள்ளடக்கத் திருத்தம் எப்படி நடக்கும்? நாற்பது பேரிடம் சர்வே எடுத்த மாணவர், ‘திஸ் ப்ரூவ்ஸ்’ (இது நிரூபிக்கிறது) என்று எழுதியிருப்பார். ஆசிரியர் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார். ‘எத்தனை பேரிடம் கேட்டாய்?’ என்பார். நாற்பது பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று புரிந்ததும் மாணவரே அதை ‘சஜஸ்ட்ஸ்’ (இப்படி இருக்கலாம் எனக் காட்டுகிறது) என்று மாற்றுவார். சான்றின் பலத்துக்கு ஏற்ப வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கம் ஐஇஎல்டிஎஸ் தயாரிப்பில் வருவதில்லை. அடுத்தது, ‘அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார்’ என்று அடுக்கும் இலக்கிய மீளாய்வு, அதாவது முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதி. பத்திகளை ஆய்வாளர் பெயரால் தொடங்காமல் கருத்தால் தொடங்கினாலே பாதி சரியாகிவிடும். இப்படிப்பட்ட வாக்கிய அச்சுகள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃபிரேஸ்பேங்க் இணையதளத்தில் நிறைய உண்டு.

சொல்வளத்துக்கு அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்டு லிஸ்ட் இன்றும் பயன்படும்: 570 சொற்குடும்பங்கள் (ஒரே அடிச்சொல்லிலிருந்து வரும் சொற்கள் சேர்ந்து ஒரு குடும்பம்), அடிக்கடி வருபவை முதலில் என்று பத்துப் பட்டியல்கள். மனப்பாடம் வேண்டாம். முதல் இரண்டு பட்டியலை மட்டும் எடுத்து, உங்கள் துறைக் கட்டுரைகளில் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எந்தச் சொல் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். செமஸ்டரின் கடைசி மூன்று நான்கு வாரங்களில் சந்திப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. சமர்ப்பிக்கும் நாளுக்குப் பத்து நாள் முன் ஒரு சந்திப்பை வாங்கிவிட்டு, அந்தத் தேதியை டிராஃப்டின் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு போனால், வாதத்தின் கட்டமைப்பே தப்பு என்று தெரிந்தாலும் மாற்ற நேரம் இருக்காது. அதற்குப் பதில் டிராஃப்டை ஏஐ கருவியில் போட்டு முழுசாக மாற்றி எழுதச் சொல்வது ஆபத்து. விதி பாடத்துக்குப் பாடம் மாறும். அனுமதி எதுவரை என்று பாடக் கையேட்டில் பாருங்கள். வெர்ஷன் ஹிஸ்டரி (எப்போது என்ன மாற்றினீர்கள் என்ற பதிவு) உள்ள கோப்பில் எழுதினால், பின்னால் கேள்வி வந்தாலும் காட்ட ஆதாரம் இருக்கும்.

செமினாரில் வாய் திறக்காதவர்களுக்குப் பேச்சுக் குழு ஓரளவு உதவும். ஆனால் வானிலையும் விருப்ப உணவும் பேசிப் பழகுவது செமினாருக்கு உதவாது. படித்த கட்டுரையிலிருந்து ஒரு கேள்வி, ஒரு மறுப்பு, ஓர் எடுத்துக்காட்டு என்று மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டு போய், முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்றையாவது சொல்லிவிடுங்கள். பேச்சு சூடுபிடித்தபின் இடையில் நுழைவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே கஷ்டம்.

அமெரிக்காவில் டீச்சிங் அசிஸ்டன்ட் (பேராசிரியருக்கு உதவியாக வகுப்பு எடுக்கும் மாணவர்) ஆகப் போகிறவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் தனிப் பேச்சுத் தேர்வு வைக்கும். அதில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வதும் உண்டு. அங்கே உச்சரிப்பைவிட, கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுவதும் மாணவர் கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யாமல் பதில் சொல்வதும்தான் அதிகம் காலை வாரும். இரண்டையும் ஒரு வாரப் பயிற்சியில் சரிசெய்யலாம். செல்போனில் பதிவு செய்து பாருங்கள்.