பாட்டில் மேகம்: ஒன்பதாவது இழுப்பில் ஒன்றும் வரவில்லை

250 மில்லி கண்ணாடி பாட்டில், ரப்பர் மூடி, அதில் செருகிய 60 மில்லி சிரிஞ்ச், அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர். சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து குளிரும்; ஈரம் துளிகளாகும். கருவி இவ்வளவுதான்.

தூசு இல்லாமல் மேகம் இல்லை என்று படித்ததைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880 வாக்கிலேயே காட்டியது இது: சாதாரணக் காற்றில் நீராவி மூடுபனி ஆனது, பஞ்சில் வடிகட்டிய காற்றில் ஆகவில்லை.

முதல் மூன்று நாளும் எனக்குச் சரிவரவில்லை. எத்தனை முறை இழுத்தாலும் பனி வந்துகொண்டே இருந்தது. மூடி ஓரத்தில் கசிவு. ஒவ்வொரு இழுப்பிலும் வெளிக்காற்று புதுத் தூசோடு உள்ளே புகுந்திருக்கிறது. கிரீஸ் தடவிய பிறகுதான் அடங்கியது.

அதன்பின் இழுப்பது, பனி படியும்வரை காத்திருப்பது, மெல்ல அழுத்துவது, மறுபடி இழுப்பது. படிகிற ஒவ்வொரு துளியும் தன் தூசியைத் தண்ணீருக்குக் கொண்டுபோய்விடுகிறது. நான்காவது முறை பனி மெலிந்தது. ஏழாவது முறை, பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் துளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. சில நூறுதான் இருக்கும். மினுமினுத்தபடி தூறல் மாதிரி சரசரவென்று இறங்கின. ஒன்பதாவது முறை ஒன்றுமே இல்லை. ஈரம் நிறைந்து வழிகிற காற்று, ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் தெளிவாக நின்றது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

மேக அறைக் கருவியை உருவாக்கிய இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் கணக்குப்படி, தூசற்ற காற்றில் துளி உண்டாக அதை 1.25 மடங்காவது விரிக்க வேண்டும். என்னுடையது 310/250, அதாவது 1.24. மயிரிழையில் இந்தப் பக்கம்.

பிறகு தீக்குச்சியை அணைத்து அதன் புகையில் ஓர் இழை மட்டும் உள்ளே விட்டேன். இழுத்ததும் பால் போல வெளுத்தது. அதன் வழியே டார்ச்சைப் பார்த்தால் சுற்றிலும் வண்ண வளையங்கள். புகையைக் கூட்டினால் வளையம் அகன்றது, அதாவது துளி இன்னும் சிறுத்திருக்கிறது. முக்கியமாக, இந்தப் பனி இறங்கவே இல்லை. பாட்டில் சுவரின் சூட்டில் கரையும்வரை அப்படியே தொங்கியது. அதே தண்ணீர், அதே இழுப்பு. கூடியது புகை மட்டும்.

மாசு கூடினால் மேகத்துளிகள் எண்ணிக்கையில் பெருகி, அளவில் சிறுத்து, மேகம் வெயிலை அதிகமாகத் திருப்பி அனுப்பும் என்று வளிமண்டல விஞ்ஞானி ஷான் டூமி 1970-களில் சொன்னது இதைத்தான். கடலில் கப்பல் போன வழியெல்லாம் அதன் புகையால் மேகத்தில் வெள்ளைக் கோடுகள் விழுவதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். 2020-இல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனதும் அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்தன. காற்று சுத்தமாவது நமக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் புகை ஓரளவு வெப்பத்தை மறைத்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. இதை இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

மழைக்கும் இதில் பங்குண்டு. ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். நுண்துளிகள் மோதிச் சேர்வது கடினம்; அதனால் புகை கூடிய மேகம் எளிதில் மழையாகாது. இடிமேகம் வேறு கதை, அங்கே பனிக்கட்டியும் வேலை செய்கிறது. என் பாட்டிலில் அது நடக்காது.

அடுத்தது உப்பு. உப்புநீரை நுண்ணிய சாரலாகத் தெளித்து, உலர்ந்த துகளை மட்டும் உள்ளே விட ஒரு குழாய் செய்துகொண்டிருக்கிறேன். புகை வளையத்தையும் உப்பு வளையத்தையும் அருகருகே வைத்து அளக்க வேண்டும்.