ஒய்79 செல்லும் சித்தப்பா தோட்டத்து நித்யகல்யாணியும்

2024 ஜூலை 8, திங்கள்

காலைல ஃப்ளாஸ்க்க வெளிய எடுத்ததுமே மனசு பக்குனு ஆயிடுச்சு, செல் வளர்ற திரவம், அதான் மீடியம், கலங்கிப் போயிருக்கு, மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தா நூல் நூலா பூஞ்சை. மூணு வாரமா வளத்த செல். ப்ளீச் ஊத்திக் கொட்டிட்டு இன்குபேட்டர் முழுக்க துடைச்சு, நைட்ரஜன் டேங்க்லேர்ந்து உறைய வச்ச வேற செல் குப்பி எடுத்து மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன்.

ஒய்79 செல் தட்டுல ஒட்டாது, மீடியத்துல குட்டி குட்டி திராட்சைக் கொத்து மாதிரி மிதக்கும். 1971ல ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது கொழந்தைங்க விழித்திரைல வர்ற புற்றுக்கட்டி, வந்த ரெண்டரை வயசுப் பொண்ணோட வலது கண்ணை எடுத்தப்ப அதுலேர்ந்து வளத்தது. பத்து வருஷமா இந்த செல்லோடதான் பொழுது போகுது, ஆனாலும் ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துடும்.

ஜூலை 11, வியாழன்

ப்ராஜெக்ட் பண்ண வந்த பொண்ணு கேட்டா, "ஏன் மேடம் சில கொழந்தைக்கு ரெண்டு கண்ணுலயும் வருது, சில பேருக்கு ஒண்ணுல மட்டும் வருது?" நான் இந்த ஃபீல்டுக்குள்ள வந்ததே இந்தக் கேள்வியாலதான்.

ஆல்ஃப்ரெட் நட்சன் 1971ல வெறும் 48 கேஸ வச்சு கணக்குப் போட்டு சொன்னார், கட்டி வரணும்னா ஒரே செல்லுல ரெண்டு அடி விழணும்னு, அடின்னா ஜீன்ல வர்ற பழுது. மொத அடி பொறக்கும்போதே எல்லா செல்லுலயும் இருந்துட்டா இன்னும் ஒண்ணு போதும், அதான் சீக்கிரமாவும் ரெண்டு கண்ணுலயும் வருது. அது இல்லாத கொழந்தைக்கு ஒரே செல்லுல ரெண்டும் நடக்கணும், அது அபூர்வம், அதனால லேட்டா ஒரு கண்ணுல மட்டும் வரும். அந்த அடி விழற ஜீன், 13ஆவது குரோமோசோம்ல இருக்கற ஆர்பி1, அத கையில பிடிச்சது அதுக்கப்பறம் 15 வருஷம் கழிச்சு, 1986ல. ஜீனையே பாக்காம கணக்குலயே சொல்லிட்டாரேன்னு இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்கல.

ஜூலை 19, வெள்ளி

இந்தக் கட்டிக்குக் குடுக்கற மெல்ஃபலான் மருந்த செல் மேல சோதிக்கற தட்டு போட்டேன். கரைச்சு வச்சா வீரியம் போயிட்டே இருக்கும், அதனால 96 குழியிலயும் மடமடன்னு போட்டு முடிக்கணும், பைப்பெட் பிடிச்ச கட்டைவிரல் மரத்துப் போச்சு.

கட்டி செல்ல கொல்றது பெரிய விஷயமே இல்ல, எந்த விஷமும் கொல்லும். பக்கத்துத் தட்டுல இருக்கற, விழித்திரைய தாங்கிப் பிடிக்கற நல்ல மியூல்லர் செல் பொழைக்குதான்னுதான் நான் மொதல்ல பாப்பேன். கண்ணுக்குள்ள ஊசி போடறப்ப மெல்ஃபலான் 20லேர்ந்து 30 மைக்ரோகிராம்தான், கொஞ்சம் கூடிட்டா விழித்திரையே போயிடும். அதான் டோபோடெகான்னு இன்னொரு புற்று மருந்தயும் சேத்துப் போட்டா மெல்ஃபலான இன்னும் கொறைக்க முடியுமான்னு பாக்கறேன்.

ஜூலை 22, திங்கள்

எம்டிடி, எவ்வளவு செல் உசுரோட இருக்குன்னு பாக்கற சோதனை. மஞ்சள் சாயம் போட்டா உசுரோட இருக்கற செல்லு அத ஊதாவா மாத்தும். கட்டி செல் தட்டுல கம்மி டோஸ் வரிசையே நான் நெனச்சத விட வெளிறிப் போயிருந்துச்சு, அதாவது செல்லு செத்திருக்கு, மியூல்லர் தட்டு நல்ல ஊதா. ஒரு தடவைய வச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா கை நடுங்குச்சு.

ஜூலை 30, செவ்வாய்

க்ளினிக் பக்கம் போயிருந்தேன். ஒரு அம்மா போன்ல போட்டோ காட்டினாங்க, ஃப்ளாஷ்ல ஒரு கண்ணு செவப்பா இருக்கு, இன்னொண்ணு வெள்ளையா பூனைக் கண்ணு மாதிரி மின்னுது. ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ. வீட்ல "அழகா இருக்கு, அதிர்ஷ்டம்"னு சொன்னாங்களாம். அவங்க மேல தப்பே இல்ல, அது இந்தக் கட்டியோட அடையாளம்னு யாரும் சொல்லித் தரலயே. போட்டோல வெள்ளையா தெரிஞ்சாலோ, கண்ணு மாறுகண்ணா போனாலோ அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க, படிக்கறவங்க தயவுசெஞ்சு நாலு பேருக்கு சொல்லுங்க.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கமுதி பக்கம் ஊருக்கு வந்திருக்கேன். சித்தப்பா ரெண்டு ஏக்கர்ல நித்யகல்யாணி போட்டிருக்கார், ஆடு மாடு வாய் வைக்காது, மழை இல்லாட்டியும் நிக்கும். அப்பத்தா இத சுடுகாட்டு மல்லின்னு சொல்லும், வீட்டு வாசல்ல வைக்க விடாது.

இந்த இலைலேர்ந்துதான் வின்கிரிஸ்டின்னு புற்றுநோய் மருந்து எடுக்கறாங்க. 1950கள்ல கனடாவுல ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் இது சர்க்கரை வியாதிக்கு ஆகுமான்னு பாக்கப் போய், எலிக்கு வெள்ளை அணு கொறையறத கண்டுபிடிச்சாங்க, வின்பிளாஸ்டின்னு இன்னொரு புற்று மருந்து அப்படித்தான் கெடச்சுது. வின்கிரிஸ்டின் அதுக்குப் பின்னாடி வந்துது, 1963ல அமெரிக்கால அனுமதி. கண்ணு கட்டிக்கு கார்போபிளாட்டின், எட்டோபோசைட் கூட இன்னிக்கும் இதான் மூணாவது மருந்து. டன் கணக்குல இலை வேணும் கிராம் கணக்குல மருந்து எடுக்க.

சித்தப்பாகிட்ட சொன்னேன். களத்துல காயற இலைய ஒரு கை அள்ளி மோந்து பாத்துட்டு, "கொழந்தைகளுக்காம்மா?"ன்னு மட்டும் கேட்டார். ராத்திரி பஸ்ஸுக்குக் கெளம்பணும், புதன்கிழமை அதே தட்ட ரெண்டாவது தடவை போடறேன்.